த்ரில்லர் அக்கா

சென்னை அடுக்ககங்களில் லிஃப்ட் இல்லாமல் இருக்கலாம், மெட்ரோ தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். த்ரில்லர் அக்கா இல்லாமல் இருக்காது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர். மகள் வெளியூரில் ஹாஸ்டல். கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும் டிவி விவாதத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுபவர். மதியம் பூராவும் அக்கா கையில் கிண்டில். அடுப்பில் பால் பொங்கினால், "இரு, இந்தச் சாப்டர் முடியட்டும்" என்று பாலுக்கே வாய்தா கொடுப்பார்.

பேய்க்கதை அக்காவுக்கு ஆகாது. போலீஸ் ஜீப் வரும் கதையும் ஆகாது. அவருக்கு வேண்டியது டொமஸ்டிக் த்ரில்லர். கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் பிரயோஜனமில்லை. ஆபத்து ஏற்கெனவே உள்ளே வந்து, சோபாவில் சாய்ந்து, காபிக்குச் சர்க்கரை போதாது என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்த ஆபத்து புருஷனாக இருந்தால் அக்காவுக்கு அரை சந்தோஷம்தான். "புருஷன்காரன் ஏமாத்தறதுல என்ன ட்விஸ்ட் இருக்கு?" என்பார். உயிர்த்தோழியாக இருந்தால்தான் ராத்திரி ஒரு மணி வரை விளக்கு எரியும்.

திடீரென்று வந்த பழக்கம் இல்லை. ராஜேஷ்குமார் நாவலை வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து வளர்ந்தவர். கல்யாணமான புதிதில் 'மெட்டி ஒலி', பிறகு வருடக்கணக்கில் 'கோலங்கள்'. அப்புறம் ஒரு நாள் மகள் சொல்லி 'கான் கேர்ள்' படித்தார். 2012-ல் வந்த, அமெரிக்காவின் கில்லியன் ஃப்ளின் எழுதிய நாவல். ஐந்தாவது கல்யாண நாளன்று மனைவி காணாமல் போகிறாள். சந்தேகம் கணவன் மேல். அவள் எழுதி வைத்த டைரி அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. பாதிக் கதையில் பார்த்தால் டைரியே ஜோடனை! அன்றோடு அக்காவுக்கு சீரியல் கசந்துவிட்டது. சீரியல் வில்லி கண்ணை உருட்டி, பின்னணி இசையோடு தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள். அதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

முடிச்சை இப்படி அவிழ்த்துக் காட்டிவிட்டு, "நீ கண்டிப்பா படிக்கணும்" என்று சிபாரிசு செய்வது அக்காவின் வழக்கம். நான் மேலே செய்திருப்பதும் அவரிடம் கற்றதுதான்.

படிப்பதோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. அக்கா படிப்பதெல்லாம் பயிற்சிக்காக. களம், எதிர் ஃப்ளாட். அங்கேதான் அவருடைய உயிர்த்தோழி குடியிருக்கிறார். பத்து வருடச் சிநேகம். மாவு தீர்ந்தால் இவர் வீட்டு மாவு, சாவி தொலைந்தால் அவர் வீட்டு மாற்றுச்சாவி. இப்படி ஒரு நெருக்கம் இருந்தால் அதற்குள் ஒரு துரோகம் இருந்தே தீரும் என்பது அக்கா படித்த நூல்களின் ஏகோபித்த முடிவு.

ஆதாரங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. முதலாவது, சாம்பார் பொடி. எதிர்வீட்டுப் பொடியின் அளவை அக்கா கேட்டார். தோழி விரல்விட்டு எண்ணி ஒப்பித்தார். அதே மில், அதே மிளகாய். ஆனால் மணம் வரவில்லை. "ஏதோ ஒண்ணை விட்டுட்டுச் சொல்லியிருக்கா" என்றார் அக்கா. இதில் அக்கா சொல்வது சரி. சாம்பார் பொடி விஷயத்தில் தமிழ்நாட்டில் எந்தத் தோழியும் முழு உண்மை பேசியதில்லை.

இரண்டாவது, எவர்சில்வர் டப்பா. அக்கா பெயர் வெட்டிய டப்பா. முறுக்கு போட்டுக் கொடுத்தது திரும்பவில்லை. "அப்பவே தந்துட்டேனேக்கா" என்றார் தோழி. அக்கா முகம் மாறியது. "பார்த்தியா, கேஸ்லைட்டிங்!" என்றார் என்னிடம். பாட்ரிக் ஹாமில்டன் 1938-ல் எழுதிய நாடகத்தில், வீட்டு கேஸ் விளக்கு மங்குவதைக் கண்ணால் பார்க்கும் மனைவியிடம், எல்லாம் உன் பிரமை என்று சாதித்துச் சாதித்தே கணவன் அவளைப் பைத்தியமாக்கப் பார்க்கிறான். 1944-ல் வந்த படத்தில் அந்த மனைவியாக நடித்து இங்க்ரிட் பெர்க்மன் ஆஸ்கர் வாங்கினார். அக்கா வாங்கியது வேறு. தீபாவளிக்குப் பரண் ஒழித்தபோது, பெயர் வெட்டிய டப்பா பின்வரிசையில், பழைய புளிக்குப் பக்கத்தில் சாவதானமாக உட்கார்ந்திருந்தது. அக்கா அசரவில்லை. "எப்ப வந்து வச்சுட்டுப் போனாளோ!" என்றார். மாற்றுச்சாவி அவரிடம்தானே இருக்கிறது!

மூன்றாவது ஆதாரம் பலமானது. ஒரு வளைகாப்புக்கு என்ன கட்டலாம் என்று அக்கா கேட்க, "அந்தக் கடுகுக் கலர் கட்டுங்கக்கா, எடுப்பா இருக்கும்" என்றார் தோழி. அக்கா கட்டிக்கொண்டு போனார். மண்டபத்தில் கேட்டரிங் பெண்கள் அத்தனை பேருக்கும் அதே கடுகுக் கலர் யூனிஃபார்ம் புடவை. பந்தியைக் கடந்து போன அக்காவை ஒரு பெரியவர் நிறுத்தி, "ஏம்மா, இந்தப் பக்கம் வடை வரவே இல்லையே" என்றார். அக்கா வடைக்குச் சொல்லிவிட்டு வந்து என்னிடம் ஒரே பெயரைத்தான் உச்சரித்தார்: "டான்வர்ஸ்!" டாஃப்னி டு மாரியேவின் 'ரெபெக்கா', அதுவும் 1938. வீட்டு நிர்வாகி மிஸஸ் டான்வர்ஸ், மாறுவேட விருந்துக்கு இந்த உடையைப் போடுங்கள் என்று அப்பாவி இரண்டாம் மனைவிக்கு யோசனை சொல்வாள். செத்துப்போன முதல் மனைவி முந்தைய விருந்துக்குப் போட்ட அதே உடை அது. கணவன் வெலவெலத்துப் போவான். எங்கள் மண்டபத்தில் அக்காவின் கணவர் வெலவெலக்கவில்லை; அவரும் ஒரு வடை கேட்டார்.

முதல் மாடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அக்கா ஒரு நாள் மாடிப்படியில் அவரையும் பிடித்துக்கொண்டார். ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் நமக்குப் புதுசாம்மா?" என்றார். "ராமனுக்கு முடிசூட்டு என்றதும் கைகேயி பூரித்துப்போய்க் கூனிக்கு மாலை கொடுக்கிறாள். கூனி அதை வீசி எறிகிறாள். சின்ன வயதில் ராமன் அவள் கூனில் மண் உருண்டை அடித்த கோபம் அத்தனை வருடம் உள்ளே கிடந்திருக்கிறது. பேச்சாலேயே அரண்மனையைக் கவிழ்த்துவிட்டாள். அகப்பாட்டுத் தோழியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவி இரவில் தலைவனைப் பார்க்கப் போவதை வீட்டாருக்குத் தெரியாமல் மறைக்கிறாள். யாரிடம் மறைக்கிறாள்? செவிலியிடம். செவிலி யார்? தொல்காப்பியப்படி தோழியைப் பெற்ற தாயே அவள்தான்."

அக்கா யோசித்தார். "கூனி வந்த உடனேயே வில்லின்னு தெரிஞ்சுடுது சார், சஸ்பென்ஸ் பத்தாது. அந்தத் தோழி கதை நல்லாருக்கு. கிண்டில்ல கிடைக்குமா?"

இந்த நிலையில்தான் பெரிய மர்மம் வந்து விழுந்தது. செவ்வாய், வியாழன் காலை பத்தரைக்குத் தோழி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். காலில் ஷூ. சேலை இல்லை, சுடிதார். துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருந்தார். கேட்டால், "அம்மா வீட்டுக்கு". அம்மா வீட்டுக்கு யாராவது துப்பட்டாவை முடிந்துகொண்டு போவார்களா? போதாக்குறைக்கு, "என் பையனை ஸ்கூல் வேன்லேருந்து இறக்கி வச்சுக்கறீங்களாக்கா?" என்று வேறு கேட்டுவிட்டார். அக்காவுக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. டார்ஸி பெல் எழுதி 2017-ல் வந்து, மறு வருடமே படமான 'எ சிம்பிள் ஃபேவர்' இப்படித்தான் தொடங்குகிறது. தோழி ஒருத்தி, என் பையனைப் பள்ளியிலிருந்து கூட்டி வா என்று சின்ன உதவி கேட்கிறாள். கேட்டவள் காணாமல் போகிறாள். எங்கள் தோழி பன்னிரண்டரைக்கெல்லாம் திரும்பி வந்து பையனுக்குத் தயிர்சாதம் பிசைந்தார் என்பது அக்காவின் சந்தேகத்தைக் கூட்டியது. காணாமல் போனால் ஒரு கணக்கு. திரும்பி வருவதென்றால் எவ்வளவு துணிச்சல்!

விசாரணை முழுவீச்சில் தொடங்கியது. வாட்ச்மேனிடம் ஆட்டோ வந்த திசை. பூக்காரம்மாவிடம் முழத்தின் எண்ணிக்கை. அயர்ன்காரரிடம் சுடிதாரில் இருந்த கறை: கிரீஸ் என்றார் அவர். இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கும் பெண்தான் எங்கள் வளாகத்தின் இன்டர்போல். அவரிடம் எதிர்வீட்டு டிரஸ்ஸிங் டேபிள் நிலவரம். எல்லாம் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதிவாரியாக ஏறின. முக்கியமான தேதிக்கு எதிரே அக்கா ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவார். பெரிய பொட்டு என்றால் பெரிய தடயம்.

அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு ஸோயி ஹெல்லரின் நாவல் ஒன்று ஞாபகம் வந்தது. 2003-ல் வந்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போன 'நோட்ஸ் ஆன் எ ஸ்கேண்டல்'. மூத்த ஆசிரியை ஒருத்தி, தன் இளைய தோழியின் ரகசியத்தைக் கண்டுபிடித்து, அவளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் எழுதி வைக்கிறாள். முக்கியமான இடங்களில் தங்க நட்சத்திரம் ஒட்டுகிறாள். தப்பு செய்தவள் இளையவள்தான். படித்து முடிக்கையில் நமக்குப் பயம் வருவதோ எழுதி வைத்தவள் மேல். "அக்கா, இதைப் படிச்சிருக்கீங்களா?" என்றேன். "ஓ! படமாக்கூடப் பார்த்தேன். பாவம் அந்த டீச்சர், எவ்வளவு அக்கறையா இருந்தா!" என்று சொல்லி, இன்னொரு பொட்டை உரித்தார்.

அக்கறைக்கு ஒரு குணம் உண்டு, ஓரிடத்தில் நிற்காது. அக்கா தன் சந்தேகத்தை என்னிடம் மட்டும் சொன்னார். பூக்காரம்மாவிடமும் அவரிடம் மட்டும்தான் சொன்னார். அசோசியேஷன் செயலாளர் மனைவியிடம் சொன்னதும் அவரிடம் மட்டும். வாரக்கடைசியில் தோழியின் கணவரை லிஃப்டில் பார்த்த பொருளாளர், "வீட்ல எல்லாம் சரியா இருக்கா சார்?" என்று துஷ்டி கேட்கும் குரலில் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியிலிருந்து மாமியார் போன். எப்போதும் மழை விசாரிக்கிறவர், அன்றைக்கு மருமகள் செவ்வாய்க்கிழமைகளில் என்ன செய்கிறாள் என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை தோழி நேராக அக்கா வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்தார். நானும் அங்கே இருந்தேன். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து டீப்பாயில் வைத்தார். எல்எல்ஆர்!

"ஸ்கூட்டர் கத்துக்கறேன்க்கா. டிரைவிங் ஸ்கூல். முப்பது நாள் கழிச்சுத்தான் ஆர்டிஓவில் எட்டு போட விடுவாங்களாம். அதான் அதுக்குள்ள பழகறேன். கிரீஸ், வண்டியில பட்டது."

அக்காவின் முகத்தில் தெரிந்தது நிம்மதி இல்லை. முந்நூறு பக்கம் படித்து, கடைசிப் பக்கத்தில் கொலையே நடக்கவில்லை என்று தெரிந்துகொண்ட வாசகியின் வயிற்றெரிச்சல். "இதை ஏண்டி என்கிட்ட மறைச்சே? நான் உன் உயிர்த்தோழி இல்லையா?"

"போன வருஷம் யோகா கிளாஸ் சேர்ந்ததை உங்ககிட்டத்தானே முதல்ல சொன்னேன்? மூணாம் நாள் முதுகுப் பிடிப்புல நின்னுட்டேன். நாலாம் நாள் அயர்ன்காரர், 'ஏம்மா, மூச்சு விட முடியலையா?'ன்னு கேட்டார். எட்டு போடறப்ப கால் ஊனி ஃபெயிலாயிட்டா, அதையும் அவர் வாயால கேக்கணுமாக்கா?"

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுந்து போய்க் காபி கலந்து எடுத்து வந்தார். தோழி ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு, "சாம்பார் பொடியில துளி கறிவேப்பிலையும் வறுத்துப் போடணும்க்கா. அன்னிக்கு மறந்துட்டேன்" என்றார். மறந்தாராம்! நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெயிண்ட் உதிர்ந்த லண்டன் மாளிகையிலும் அமெரிக்கப் புறநகரிலும் நடக்கிற கதைகளில் தோழிகள் உயில், காப்பீடு, ஆள்மாறாட்டம் என்று பெரிதாகத் திட்டம் போடுகிறார்கள். நமக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. தண்ணி லாரி எப்போது வரும் என்று தெரியாது. இங்கே நடக்கிற வஞ்சனை, மூலப்பொருளில் ஒன்றைக் குறைத்துச் சொல்வது, "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் வயசு கூட்டுது" என்று புடவையைப் புகழ்வது, எண்ணூறுக்கு வாங்கியதை ஐந்நூறு என்பது. இதனால் யாரும் செத்ததில்லை. சேதாரம் வருவதெல்லாம், இவற்றைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று நோட்டு போடுகிறவரால்தான். அவருக்கோ தான் கதாநாயகி என்பதில் ஒரு துளி சந்தேகம் கிடையாது. 'தி கேர்ள் ஆன் தி ட்ரெய்ன்' நாவல் பற்றிப் பேச்சு வந்தபோது அக்கா சொன்னார்: "அந்தப் பொண்ணு குடிச்சா, அதனால அவ சொன்னதை யாரும் நம்பலை. நான் ஃபில்டர் காபிதானே குடிக்கிறேன்? நான் பார்த்தது பார்த்ததுதான்."

தோழி முதல் தடவையே எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டார். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியதும், பின்சீட்டில் முதலில் உட்கார அழைக்கப்பட்டவர் த்ரில்லர் அக்காதான். அவர்கள் சிநேகம் அப்படி. அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். வண்டி பார்க்கிங்கைத் தாண்டுவதற்குள், தோழியின் பிரேக் ஒயரை அறுத்துவிடும் ஒருத்தியைப் பற்றி, அன்று காலைதான் படித்து முடித்த கதையை ஆரம்பித்துவிட்டார். அறுத்தது யார் என்று அவர் சொல்லவும், தோழி தலையைத் திருப்பவும், வண்டி காம்பவுண்டு கேட்டில் போய் முட்டவும் சரியாக இருந்தது. யாருக்கும் அடியில்லை. கேட்டில் மட்டும் ஒரு நெளிசல்.

ராத்திரி அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் கேட் செலவு யார் தலையில் என்று விவாதம் நடந்தது. பத்து மணிக்கு அக்காவின் பதிவு வந்தது: "நான் யாரையும் குறை சொல்லலை. ஆனா இந்த கேட் வழக்கமா அந்த நேரத்துல திறந்துதான் இருக்கும். இன்னிக்கு மூடினது யாரு?"

இப்போது நோட்டில் வாட்ச்மேன் பெயருக்கு எதிரே பெரிய பொட்டு.