'கெட்' என்றொரு ஜங்ஷன்

கேள்வி: 'கெட்' என்றால் 'பெறு' என்று படித்தேன். இப்போது கெட் அப், கெட் ஆஃப், கெட் ஓவர் என்று ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?
– கல்லூரி மாணவி, திண்டிவனம்

பதில்: ஒருநாள் விழுப்புரம் ஜங்ஷனில் போய் நின்று பாருங்கள். சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரியும். 'கெட்' அப்படியொரு ஜங்ஷன். பின்னால் வருகிற அப், ஆஃப், ஓவர்தான் வண்டியைத் திருப்பிவிடுகின்றன. மாற்றிப் போட்டால், விருத்தாசலம் போக வேண்டியவர் மாயவரத்தில் இறங்கி முழிக்க வேண்டியதுதான்.

1755-லேயே டாக்டர் ஜான்சன் தன் ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினையோடு இப்படிச் சின்னச் சொல் ஒட்டி அர்த்தம் மாறுவது வெளிநாட்டுக்காரர்களுக்குப் பெரும்பாடு என்று ஒப்புக்கொண்டுவிட்டார். இந்தச் சேர்க்கைக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் அச்சேறியதோ 1925-ல். பெயர் வைக்கவே 170 வருஷம்!

நாம் மட்டும் என்ன யோக்கியம்? 'போடு' தெரியும், 'கொடு' தெரியும் என்று வருகிற வெள்ளைக்காரரிடம், 'அவன் என்னைப் போட்டுக்கொடுத்துட்டான்' என்று சொல்லிப் பாருங்கள்.

மனப்பாடப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். செய்கிற வேலையை அப்படியே சொல்லிப் பழகுங்கள். எழுந்தால் கெட் அப். பஸ்ஸில் ஏறினால் கெட் ஆன். குனிந்து நுழைகிற ஷேர் ஆட்டோ என்றால் கெட் இன். இறங்கும்போது பஸ்ஸுக்கு ஆஃப், ஆட்டோவுக்கு அவுட். படியில் தொங்கினால்? ஹேங் ஆன். அதற்கு 'கெட்டியாப் பிடிச்சுக்கோ' என்றும் அர்த்தம், 'கொஞ்சம் பொறு' என்றும் அர்த்தம். நம் கண்டக்டர் இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறார்.