லீவு அனுமதிக்கும் அதிகாரி அவர்களின் சமூகத்திற்கு

மகா கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் தங்கள் ஆளுகையின் கீழ்ப் பல்லாண்டுகளாகக் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து மறு மேஜைக்கும், அங்கிருந்து டில்லிக்கும், டில்லியிலிருந்து குறிப்புரையோடு திரும்பவும் சென்னைக்கும் சிரத்தையுடன் அனுப்பி வருபவனும், அந்தக் கோப்புகள் செய்த பிரயாணத்தில் நூற்றில் ஒரு பங்கேனும் தான் செய்யவில்லையே என்ற ஏக்கத்தைத் தவிர வேறு குறை ஏதும் இல்லாதவனுமாகிய எளியேன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

விடுப்பை எவரும் உரிமையாகக் கோர இயலாது என்று 1972ஆம் ஆண்டின் மத்திய சிவில் பணி விடுப்பு விதிகளில் ஏழாவது விதி கூறுவதை நான் அறியாதவன் அல்லன். தாங்கள் இத்தனை தடவை எடுத்துரைத்த பின்னும் அறியாதிருப்பேனாயின் உத்தியோகத்திற்கே நான் லாயக்கற்றவன். ஆகவே உரிமை என்ற பேச்சையே இங்கே பிரஸ்தாபிக்கவில்லை. ஆயினும் அதே விதிகள், ஜனவரி முதல் தேதி 15 நாளும் ஜூலை முதல் தேதி 15 நாளுமாக, வருஷத்திற்கு 30 நாள் ஈட்டிய விடுப்பை, யாரும் வாய் திறந்து கேளாமலே என் கணக்கில் வரவு வைத்துவிடுகின்றன. கொடுப்பதற்கு ஒரு விதியையும், கொடுத்ததைத் தொடாதிருக்க மற்றொரு விதியையும் ஒரே புத்தகத்தில் அமைத்த பெரியோரின் ஞானத்தை வியப்பதன்றி வேறென்ன செய்ய முடியும்?

அவ்வாறு சேரும் நாட்கள், கல்யாணச் சீராக வந்து ஒரு நாளும் அடுப்பேறாமல் பரணிலே கிடக்கும் பித்தளை அண்டாவைப் போல, 300 வரை குவிகின்றன. அதற்கு மேல் குவிய இடமில்லை. ஓய்வு பெறும் நாளில் அந்த 300 நாட்களுக்கும் சம்பளமாகக் கணக்கிட்டுக் காசு கொடுத்து, மாலையும் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கையிலே காசும் நேரமும் முதன்முறையாக ஒன்றுசேரும் அந்த 60ஆம் வயதில், முழங்காலைத் தட்டிப் பார்த்த வைத்தியர் சோளிங்கபுரத்து மலைப்படியை நினைத்தும் பார்க்காதீர் என்று சொல்லிவிடுவார். தங்கள் கணக்கிலும் 300 நிறைந்து வழிவதாகவும், அதைத் தாங்கள் பதக்கம் போல் கருதி வருவதாகவும் அலுவலகத்தில் ஓர் அபிப்பிராயம் நிலவுகிறது. வழிந்து கழிகின்ற நாட்கள் யாருக்குப் போய்ச் சேருகின்றன என்பதை எந்த விதியிலும் நான் காணவில்லை.

பிரயாணத்தைச் சர்க்கார் வெறுக்கிறது என்று நான் சொன்னால் அது அபாண்டம். எல்.டி.சி. என்று நாம் செல்லமாக அழைக்கும் விடுப்புப் பிரயாணச் சலுகைக்கென்று 1988ஆம் ஆண்டிலேயே தனி விதிகள் வகுத்து, நான்கு வருஷத்தை ஒரு பிளாக் என்று கட்டி, அதற்குள் இருமுறை சொந்த ஊருக்கோ, ஒருமுறை சொந்த ஊருக்கும் ஒருமுறை பாரத தேசத்தின் எந்தப் பகுதிக்குமோ குடும்பத்தோடு போய்வரக் கட்டணம் தருகிறது. தங்கும் செலவும் சாப்பாடும் நம்மைச் சேர்ந்தவை. அது நியாயமே, வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தானே வேண்டும். ஆனால் போகும் இடத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்றுவதானால் புறப்படுமுன்பே அதிகாரியின் சம்மதத்தோடு மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டணமோ நேரான, மிகக் குறுகிய மார்க்கத்துக்கு மட்டுமே. வழியில் ஓர் ஊரின் பெயர்ப் பலகையைக் கண்டு, இங்கே இறங்கினால் என்ன என்று தோன்றுவதுதான் யாத்திரையின் ஜீவன் என்று நினைக்கும் என் போன்றவர்களை, அந்தக் குறுகிய மார்க்கம் எவ்வளவு செம்மையாக நெறிப்படுத்துகிறது!

இவ்விடத்தில் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் சம்பளத்திற்கு உழைத்தவரே. 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தார். ஓரூரில் இல்லையென்றால் அடுத்த ஊருக்கும், அங்கும் இல்லையென்றால் யாரோ வழிப்போக்கர் சொன்ன மற்றோர் ஊருக்கும் போனார். அவருடைய விண்ணப்பம் தங்கள் மேஜைக்கு வந்திருந்தால், ‘செல்லுமிடம்: தெரியாது, நோக்கம்: கறையான் அரித்த சுவடி’ என்ற வாசகத்தைக் கண்ட மாத்திரத்திலேயே பொதுப்பணியின் அவசரத்தை முன்னிட்டு நிராகரித்திருப்பீர்கள், 1894இல் புறநானூறு அச்சேறாமல் போயிருந்தாலும் வருகைப் பதிவேடு மாசின்றி இருந்திருக்கும். அரசாங்கத் தடையை மீறிச் சீன தேசத்தை விட்டு இரகசியமாய்ப் புறப்பட்டு நம் நாடெல்லாம் சுற்றிய யுவான் சுவாங், 645ஆம் ஆண்டு திரும்பி வந்தபோது, அந்நாட்டுப் பேரரசர் அவருக்கு மெமோ கொடுக்கவில்லை. கண்டதையெல்லாம் எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார். நிர்வாகம் அக்காலத்தில் இவ்வளவு தளர்ந்திருந்தது.

நம் காலத்தின் சாதனையோ வேறு வகையைச் சேர்ந்தது. கொரோனா தொற்றினால் ஜனங்கள் வீட்டை விட்டு நகர முடியாதிருந்த 2020ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் எல்.டி.சி. ரொக்க வவுச்சர் திட்டத்தை அறிவித்தார். கிடைக்கவேண்டிய பிரயாணக் கட்டணத்தைப்போல் மூன்று மடங்கை, 12 சதவீதமோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. விதிக்கப்படும் பொருள்களிலும் சேவைகளிலும், ரொக்கமாக அன்றி மின்னணு முறையில், 2021 மார்ச் 31ஆம் தேதிக்குள் செலவழித்து ரசீது காட்டினால், பிரயாணம் செய்ததற்கு ஈடாகப் பணம் உண்டு என்பது அதன் சாரம். முடங்கிக் கிடந்த வியாபாரத்தைத் தட்டி எழுப்பும் உபாயம் அது என்பதையும், அவ்வேளைக்கு அது தேவையாகவே இருந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் தத்துவார்த்தத்தை எண்ணிப் பாருங்கள். காஷ்மீருக்குப் போக வேண்டிய குடும்பம் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கியது. பனியும் குளிரும் சமையலறைக்கே வந்து சேர்ந்தன. காலைச் சிறிதும் அசைக்காமல் செய்த அந்த யாத்திரையைச் சர்க்கார் முத்திரையிட்டு ஒப்புக்கொண்டது. பிரயாணம் என்பது உடம்பு சம்பந்தப்பட்டதன்று, ரசீது சம்பந்தப்பட்டதே என்ற சித்தாந்தத்தை இதைக் காட்டிலும் தெளிவாக எந்த வேதாந்தியும் நிறுவியதில்லை.

உத்தியோகத்தை உதறிவிட்டு உலகம் சுற்றப் புறப்படு என்று இப்போது கைப்பேசிக்குக் கைப்பேசி உபதேசிக்கும் மகான்களின் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதையும் தங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தெரிவித்துக்கொள்கிறேன். அவர்களில் பலருக்கு ஊரில் நிலமோ, தகப்பனார் கட்டிய வீட்டு வாடகையோ, இரண்டுமோ இருக்கக்கூடும் என்பது என் சந்தேகம். எனக்குச் சம்பளம் வேண்டும். ரயிலுக்கு டிக்கெட் எடுக்கிற பணம் அதிலிருந்துதான் வருகிறது. வேலையில் விருப்பமும் உண்டு; வைகை ஆற்றங்கரையில் பத்து நாள் அலைந்துவிட்டு வருகிறவன், போகாதவனைவிடக் கோப்பைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டுவான் என்றும் நம்புகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போய்வரக்கூட ஊரை விட்டு வெளியே செல்ல அனுமதி கேட்கும் ஸ்டேஷன் லீவ் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவனுக்கு, காமாட்சியம்மன் சன்னிதியிலும் தங்கள் திருமுகமே தோன்றுகிறது.

ஆதலால் ஒன்றைத் தாழ்மையுடன் யோசனையாகச் சமர்ப்பிக்கிறேன். ஃபிரிட்ஜை யாத்திரை என்று ஏற்க முடிந்ததென்றால், யாத்திரையை வேலை என்று ஏற்பதில் கொள்கையளவில் தடை இருக்க முடியாது. நான் அஸ்ஸாமுக்குப் போகிறேன். என் நாற்காலியில் என் சட்டையை மாட்டிவிட்டுப் போகிறேன். அதற்குத் தாங்கள் வருகை குறித்துக்கொள்ளலாம். இது விதிக்கு விரோதமென்று தோன்றினால் வழக்கம்போல் விடுப்புக் கேட்டு நான் முன்பே கொடுத்த விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த சில நிமிஷங்களில் இடம் தீர்ந்துபோகிறது. தங்கள் கையெழுத்தோ புறப்படுகிற தேதிக்கு முந்தின நாள் மாலை, தாங்கள் வீட்டுக்குக் கிளம்புகிற வேளையில் வருகிறது. அனுமதிப்பதாயின் தயவுசெய்து முன்பதிவு திறப்பதற்கு முன்னரே அனுமதியுங்கள். மறுப்பதாயினும் அப்போதே மறுத்துவிடுங்கள், டிக்கெட்டை ரத்து செய்கிற கட்டணமாவது எனக்கு மிஞ்சும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்