கட்டுமரத்துக்கு 160 யூரோ

சான்டோரினித் தீவில் ஃபிரா என்ற ஊரின் தெருக்களில் நாலு கடை தாண்டினால் ஐந்தாவது கடை படகுச் சவாரிக் கடையாக இருக்கும். எல்லாக் கடை வாசலிலும் ஒரே பலகை, பலகையில் ஒரே எரிமலை, ஒரே அஸ்தமனச் சூரியன். படத்தைப் பார்த்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. கீழே பொடி எழுத்தில் விலை இருக்கும், அதைப் பார்த்தால் தெரியும்.

நாங்கள் நாலு பேர். நான், என் மனைவி, அவள் தங்கை, தங்கையின் கணவர், அதாவது என் சகலை. சகலை என்றால் வேறொன்றுமில்லை, ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக ஒருவரோடு ஒருவர் ஒப்பிடப்பட்டே ஆயுளைக் கழிக்கும் இரண்டு பேர். ஆகவே படகு பார்க்கப் போனபோது எங்கள் இருவர் மனதிலும் கடலும் இல்லை, காற்றும் இல்லை. நாளைக்குப் படகு சொதப்பினால் வசவு யார் தலையில் விடியும் என்ற ஒரே யோசனைதான்.

"நீங்களே பார்த்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் சகலை.

"சேச்சே, நெட்டுல பார்த்து வெச்சது நீங்கதானே" என்றேன் நான்.

இப்படி மரியாதையாகப் பந்தை உருட்டிக்கொண்டே இரண்டு நாள் போய்விட்டது. சகலை செல்போனில் ரிவ்யூ படிப்பவர். ஐந்து நட்சத்திரம் போட்டவன் கம்பெனிக்காரனின் மச்சானாக இருப்பான் என்று அதைத் தள்ளிவிடுவார். ஒரு நட்சத்திரம் போட்டவனை மட்டும் மனப்பாடம் செய்வார். அந்த முறைப்படி பார்த்தால் தீவில் மிதக்கத் தகுதியுள்ள படகு ஒன்றுகூட இல்லை.

சான்டோரினி முழுத் தீவு இல்லை, ஒரு தீவின் மிச்சம். சுமார் 3,600 வருஷத்துக்கு முன்னால் எரிமலை வெடித்து, நடுப்பகுதி கடலுக்குள் உட்கார்ந்துவிட்டது. விளிம்பு மட்டும் பிறை மாதிரி நிற்க, அதன் உச்சியில் சுண்ணாம்பு அடித்த வீடுகள். உள்ளே கிட்டத்தட்ட 400 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். அதன் நடுவில் கன்னங்கரேலென்று இரண்டு தீவுகள்: பலேயா கமேனி, நேயா கமேனி. கிரேக்கத்தில் 'பழசு கரிஞ்சது', 'புதுசு கரிஞ்சது' என்று அர்த்தமாம். பெயர் வைத்த புண்ணியவான் அடுப்படியில் புழங்கியவராக இருக்கவேண்டும். புதுசு 1707-இல் கடலிலிருந்து தலையை நீட்டியது, கடைசியாகக் குமுறியது 1950-இல். எந்தப் படகில் ஏறினாலும் கடைசியில் இந்தக் கரிஞ்ச இரண்டைத்தான் சுற்றிக் காட்டுவார்கள்.

இரண்டாம் நாள் அக்ரோத்திரி இடிபாடுகளுக்குப் போயிருந்தோம். 1967 முதல் தோண்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. சாம்பல் மூடியதால் மாடி வீடு, ஜாடி, சுவரோவியம் எல்லாம் தப்பியிருக்கின்றன. அங்கே கண்டெடுத்த ஓர் ஓவியத்தில் படகு ஊர்வலமே போகிறது. பந்தல் போட்ட படகுகள், பந்தலுக்குக் கீழே கைகட்டி உட்கார்ந்த பயணிகள், பக்கத்தில் துள்ளும் டால்பின்கள். இன்றைக்கு ஃபிராவில் ஒட்டியிருக்கும் விளம்பரத்துக்கும் அதற்கும் ஒரே ஒரு வித்தியாசம், விலை எழுதவில்லை. பாம்பேயியில் கிடைத்ததுபோல இந்த ஊருக்குள் பிணங்கள் கிடைக்கவில்லை. குமுறல் ஆரம்பித்ததுமே சனங்கள் கிளம்பிப் போயிருக்கவேண்டும் என்கிறார்கள். அவர்கள் கூட்டத்தில் என் சகலை இல்லை என்பது தெளிவு. இருந்திருந்தால் "கொஞ்சம் பொறுங்க, இந்தப் படகுக்கு ஒருத்தன் ஒரு ஸ்டார்தான் போட்டிருக்கான்" என்றிருப்பார்.

மூன்றாம் நாள் காலை என் மனைவி எங்கள் இருவரையும் ஒதுக்கிவிட்டுத் தானே ஒரு கடைக்குள் நுழைந்தாள். உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கூலிங் கிளாஸைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு அட்டைகளை எடுத்துப் போட்டார். ஒன்று பெரிய மரப்படகு, ஆளுக்கு 40 யூரோ, நூறு பேர் கும்பல், சாப்பாடு நம் செலவு. இன்னொன்று அஸ்தமனச் சவாரி, பதினைந்து பேர்தான், மேல்தட்டில் வலையில் படுத்துக்கொள்ளலாம், சுட்ட இறைச்சியும் ஒயினும் சேர்த்து ஆளுக்கு 160 யூரோ. படகின் பெயரைச் சொன்னதும் என் மனைவி நிமிர்ந்தாள். கட்டமரான்.

"ஏங்க, கட்டுமரத்தையா சொல்றாங்க?"

அதையேதான். நான் நாகப்பட்டினம் பக்கத்துக்காரன். கட்டுமரத்தை அவிழ்த்தே பார்த்திருக்கிறேன். கரையேறியதும் கயிற்றை உருவி, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். மறுநாள் விடிவதற்குள் மறுபடி கட்டிக்கொண்டு போவார்கள். சோழமண்டலக் கரையில் அதைப் பார்த்துவிட்டு, பெயரையும் காதில் வாங்கிக்கொண்டு, 1697-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி. கடற்கொள்ளையும் அவர் செய்த தொழில்களில் ஒன்று, அதனால் வார்த்தையைக் கேட்காமல் எடுத்துப்போனதில் ஆச்சரியமில்லை. பின்னால் பசிபிக் தீவுக்காரர்களின் இரட்டைத் தோணிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அட்டையில் இருந்ததும் அந்த இரட்டைத் தோணியின் பேத்திதான். கட்டுவதற்கு அதில் கயிறும் கிடையாது, மரமும் கிடையாது, கழிவறை மட்டும் இரண்டு இருந்தன.

இதெல்லாம் என் மனைவிக்கு வேண்டாத விவரம். நேராக விஷயத்துக்கு வந்தாள். இந்தப் படகின் பெயர் எங்கள் பாஷை, என் கணவர் அந்தக் கடற்கரையிலேயே பிறந்தவர், ஆகவே விலையைக் குறைக்கவேண்டும். கோயம்பேட்டில் முருங்கைக்காய் பேரம் பேசும் அதே குரல், பாஷை மட்டும் இங்கிலீஷ்.

அந்த அம்மாள் கூலிங் கிளாஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்கள் ஊரில் சினிமா உண்டா?" என்று கேட்டார்.

"உண்டாவா!" என்றாள் என் மச்சினி. பரம்பரைச் சொத்தைப் பற்றி விசாரித்ததுபோல அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நூறு வருஷத்துக்கு மேல!"

"சந்தோஷம். கினிமா என்றால் எங்கள் பாஷையில் அசைவு. அது எங்கள் வார்த்தை. போட்டோவும் எங்களுடையது. டெலிபோனும் எங்களுடையது. நீங்கள் முதலில் நூறு வருஷ பாக்கியைக் கட்டுங்கள், பிறகு கட்டமரானுக்குத் தள்ளுபடி தருகிறேன்."

கடையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சகலை என் காதருகே குனிந்தார். "அண்ணாச்சி, சினிமாவுக்கு வாடகைன்னா தமிழ்நாட்டையே எழுதிக் குடுக்கணும். வாங்க போயிருவோம்."

போகவில்லை. வெளியே திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாலு பேருக்கு 640 யூரோ. சகலை அதை ரூபாயாக மாற்றினார். மாற்றிய கையோடு அவருக்கு வியர்த்தது. அப்போதுதான் மச்சினிக்கு நினைவு வந்தது: "அத்தான், நாளைக்கு வெள்ளிக்கிழமைல்லா?" வெள்ளிக்கிழமை அக்காவும் தங்கையும் கவிச்சி தொடமாட்டார்கள், அது திருநெல்வேலிப் பிறந்த வீட்டு வழக்கம். சுட்ட இறைச்சிக்குக் காசு கொடுத்துவிட்டு வெள்ளரிக்காயைக் கடிப்பதா? திருநெல்வேலி வெள்ளிக்கிழமை ஏகேயன் கடலில் எங்களுக்கு 480 யூரோ மிச்சம் பிடித்துக் கொடுத்தது. முடிவும் யார் தலையிலும் விழாமல் பிள்ளையார் தலையில் போய்விட்டது. எனக்கும் சகலைக்கும் அன்றிரவு நல்ல தூக்கம்.

மரப்படகு கிளம்பும் பழைய துறைமுகம் மலையடிவாரத்தில் இருக்கிறது. இறங்க 580-க்கும் மேற்பட்ட படிகள், இல்லாவிட்டால் கேபிள் கார், அதுவும் வேண்டாமென்றால் கழுதை. சகலைக்குக் கழுதைமேல் ஆசை. ஆனால் 100 கிலோவுக்கு மேலே கழுதைமேல் சுமை ஏற்றக்கூடாது என்று 2018-லேயே விதி போட்டுவிட்டார்கள். சகலையின் எடையை எழுதுவது குடும்பத்துக்கு ஆகாது. கேபிள் காரில் போனோம்.

நேயா கமேனியில் இறங்கும்போதே எரிமலை பார்க்கத் தனிக் கட்டணம் என்று கை நீட்டினார்கள். பொட்டு நிழல் கிடையாது. கருங்கல் சரளைமேல் அரை மணி நேரம் ஏறினால் உச்சியில் ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் இட்லிச் சட்டியைத் திறந்ததுபோல லேசாக ஆவி. "இவ்வளவுதானா?" என்றாள் என் மனைவி. இதற்குமேல் இருந்தால் படகு பத்தாது என்றேன்.

அடுத்தது பழசு கரிஞ்சதன் வெந்நீர் ஊற்று. நான் எதிர்பார்த்தது குற்றாலம் மாதிரி ஒரு படித்துறை. இங்கே படகு தள்ளியே நின்றுவிடுகிறது. நடுக்கடலில் குதித்து, குளிர்ந்த தண்ணீரில் நீந்திப் போய்த்தான் வெந்நீரைத் தொடவேண்டும். அதுவும் வெந்நீர் இல்லை, ஆறிப்போன டீ பதம். கடற்கரையில் பிறந்த எனக்கு நீச்சல் தெரியாது. தாமிரபரணியில் கற்றுக்கொண்ட சகலை, வெள்ளைப் பனியனோடு கிராதியைத் தாண்டிக் குதித்தார். வெளிர் நிறத் துணி வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் இரண்டு பாஷையில் கத்தினார்கள். இரண்டுமே அவர் பாஷை இல்லை. அந்தத் தண்ணீரில் இரும்பும் கந்தகமும் கலந்திருக்கின்றன. இருபது நிமிஷம் கழித்து ஏணியில் ஏறி வந்தவர் பனியன் சுத்தக் காவி. ஒரே முழுக்கில் சந்நியாசம். மச்சினி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ருத்திராட்சம் மட்டும்தான் பாக்கி" என்றாள்.

மத்தியானம் திராசியா என்ற பக்கத்துத் தீவில் தக்காளி வடையும், ஃபாவா என்ற பெயரில் ஒரு மஞ்சள் பருப்புக் கடைசலும் சாப்பிட்டோம். நெய் விட்டிருந்தால் சொந்த ஊர்தான்.

சாயங்காலம் இயா ஊருக்குக் கீழே படகை நிறுத்தினார்கள். நூறு பேரும் ஒரே பக்கம் சாய, படகும் கொஞ்சம் சாய்ந்தது. சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு விரல்கடைதான். என் மனைவி செல்போனைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும், வெள்ளைவெளேரென்று இரட்டை மூக்கோடு ஒரு கட்டமரான் மிதந்து வந்து எங்களுக்கும் சூரியனுக்கும் நடுவே நின்றது. வலையில் நாலைந்து பேர் மல்லாந்து கிடந்தார்கள். சுட்ட இறைச்சி வாசனை காற்றில் எங்கள்வரை வந்தது. மணி பார்த்தேன், வெள்ளிக்கிழமை முடிய இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது.

என் மனைவி அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். சூரியனில் பாதி, கட்டமரான் முழுசாக. ஐந்தே நிமிஷத்தில் திருநெல்வேலியிலிருந்து அவள் பெரியம்மா கேட்டார்: "கப்பல் ரொம்ப ஜோரா இருக்கே, இதுலயாடி போனீங்க?"

நான் எட்டிப் பார்ப்பதற்குள் பதில் போய்விட்டது.

"ஆமா பெரிம்மா. நம்ம ஊர்க் கட்டுமரந்தான்."