மட்டம்: ஓர் ஆய்வு

‘மட்டம்’ என்ற சொல்லைக் கட்டட வேலையில் இரண்டு விதமாகப் புழங்குகிறோம். செங்கல் வரிசை ஏறியிறங்காமல் இருக்கிறதா என்று மேஸ்திரி ரசமட்டம் வைத்துப் பார்ப்பது ஒன்று. அதே மேஸ்திரி மறுநாள் மட்டம் போடுவது மற்றொன்று. இரண்டும் ஒரே செயல்தான் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இவற்றுக்குத் தனித்தனிப் பொருள் சொல்லும் அகராதிக்காரர்கள் வீடு கட்டியிருக்க மாட்டார்கள்.

முன்னோர் ஆய்வுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1957 வாக்கில், டுபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் வேலைகளைச் சங்கிலியாகக் கோத்துக் கணக்கிடும் முறையை உருவாக்கினார்கள். மிக நீளமான சங்கிலி எதுவோ அதுதான் முடிவு நாளைத் தீர்மானிக்கும். அதில் சேராத வேலைகளைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். ஒரே ஆளை இரண்டு வேலைகள் ஒரே நாளில் கேட்டால், தள்ளிப்போட இடமுள்ள வேலையை நகர்த்த வேண்டும்; அப்படியும் ஆள் போதாவிட்டால் முடிவு நாளே நகரும். இதற்கு வளங்களைச் சமன்படுத்தல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கோட்பாடு சரி. ஆனால் அதில் நகர்த்துகிறவர் மேலாளர், நகர்கிறது வளம். நம் ஊரில் வளம் மொபெட்டில் வருகிறது. எங்கே போவது என்று அதுவே தீர்மானிக்கிறது.

ஆய்வுக்களம் என் வீடு. மேஸ்திரிக்கு அதைத் தவிர இன்னும் மூன்று இடங்களில் வேலை. இதை அவர் சொல்லவில்லை. நிலை வைத்த அன்று நானே கண்டுபிடித்தேன். நாலு வீட்டுக்காரர்களும் நாலு ஜோசியர்களிடம் கேட்டிருக்கிறோம். ஆனால் பஞ்சாங்கம் ஒன்றுதானே? நாலு பேருக்கும் அதே முகூர்த்தம், ஆறிலிருந்து ஏழரை. மேலாண்மை மென்பொருளாக இருந்தால் சிவப்பு விளக்குப் போட்டிருக்கும். மேஸ்திரி ஆறு பத்துக்கு வந்தார். நிலையை நிமிர்த்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு கரண்டி கலவையை அப்பினார். “முகூர்த்தம் ஆயிடுச்சு சார், மிச்சத்தைச் சாயங்காலம் பாத்துக்கலாம்” என்று வண்டியை உதைத்தார். ஒன்றரை மணி நேரத்துக்குள் நாலு நிலைகள். சாயங்காலம் எது என்பது மட்டும் ஆய்வுக்கு உட்படாதது.

அடுத்து, தளம். கான்கிரீட் போட்ட அன்று கலவை இயந்திரம், பிரியாணி எல்லாம் வந்தன. மறுநாளிலிருந்து மேஸ்திரியைக் காணோம். போனில் கொதித்தேன். அப்புறம் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ஐ எடுத்துப் படித்தேன். கலப்பு சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் விடாமல் காக்க வேண்டும், 4.5 மீட்டருக்கு மேல் நீளும் தளத்துக்கு 14 நாள் முட்டுகளைத் தொடக்கூடாது. எங்கள் கூடத்தின் அகலம் 5 மீட்டர். அந்தப் பதினாலு நாளும் அவர் வந்திருந்தால் சவுக்குக் கம்புகளுக்கு நடுவே நின்று என்னோடு டீதான் குடித்திருப்பார். ஆக, அவர் போட்டது மட்டம், செய்தது சமன்படுத்தல். கருதுகோள் நிறுவப்பட்டது. நிறுவியதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

அந்த நாட்களில் தினமும் மாலையில் ஒருவர் வந்து என் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். கடன் கொடுத்தவன் வட்டிக்கு வந்து நிற்கிற பார்வை. விசாரித்தால், மூன்றாவது தெருவில் அவருக்கும் இதே மேஸ்திரி. என் தளத்துக்கு அடியில் இருக்கும் சென்ட்ரிங் தகடுகள்தான் அடுத்து அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் கிரகப்பிரவேசப் பத்திரிகையின் தேதி என் கூடத்தின் அகலத்தில் இருந்தது. 4.5 மீட்டருக்குள் அடக்கியிருந்தால் ஏழு நாளில் முட்டு பிரித்திருக்கலாம். அதை அவரிடம் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் முட்டு பிரித்தார்கள். தகடுகள் மூன்றாவது தெருவுக்குப் போயின; மேஸ்திரியும் கூடவே போனார். பூச்சு வேலை அப்படியே நிற்கிறது. இனி ஐ.எஸ். 456 அவருக்குத் துணை வராது. ஆனால் ஜன்னல் திண்டில் ரசமட்டத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். துண்டு போட்டு பஸ்ஸில் இடம் பிடிப்பது போல, இந்த இடம் என்னுடையது, வருவேன் என்பதற்கு அது அடையாளம். கூலியாள் மாறலாம், தேதி மாறலாம். ரசமட்டம் இருக்கும் வரை நம்பிக்கை உண்டு.

நேற்று மாலை ஒரு பையன் வந்தான். “மேஸ்திரி ரசமட்டத்தை வாங்கிட்டு வரச் சொன்னாரு.”

இங்கே இல்லையே என்று சொல்லிவிட்டேன். அது இப்போது என் பீரோவில் இருக்கிறது.