மெதுவா அழுத்துங்க!

சென்னை பாரிமுனையில் ஆர்டர் கொடுத்துவிட்டு, வெயிலுக்கு இதமாக ஒரு மோர் குடித்துவிட்டு வந்தால் சீல் தயாராக இருக்கும். இது, வீட்டிலேயே சீல் செய்யக் கிளம்பிய நம்மவருக்கும் தெரியும். தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஜன்னல் திரைகளை இழுத்து மூடி, மஞ்சள் பல்பு ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 35 வருஷம் வங்கியில் அடுத்தவன் செய்த சீலைக் குத்திக் குத்தி ஓய்ந்தவர். இப்போது சொந்தத் தயாரிப்பு.

கண்ணாடித் தகடு இரண்டு வேண்டும். ஒன்று கல்யாண போட்டோ ஃபிரேமில் இருந்தது. இன்னொன்று எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஓஎச்பி ஷீட்டில் பின்னணி கறுப்பாகவும் எழுத்து மட்டும் தெளிவாகவும் நெகட்டிவ் அடித்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, சுற்றிலும் ஃபோம் டேப்பால் கரை கட்டி, தேன் மாதிரி வழியும் பிசினை ஊற்றுகிறார். விளக்கு, மகள் நகத்துக்கு ஜெல் பாலிஷ் போட வாங்கிய 36 வாட் பெட்டி. அதிலிருக்கும் நான்கு குழல்களின் புற ஊதா ஒளி பட்ட பிசின் இறுகும். படாதது வெந்நீரிலும் சோப்புத் திரவத்திலும் கழுவினால் போய்விடும். ஒளியால் இறுகும் இந்தச் சங்கதியை வைத்து அச்சுத் தகடு செய்ய, டூபாண்ட் கம்பெனியின் லூயிஸ் பிளாம்பெக் 1956-இல் காப்புரிமை வாங்கினார். வாங்கியதோடு விட்டார். வீட்டுக்கு வந்தவர் போனவர் கையில் சீலைத் திணிக்கவில்லை.

நம்மவர் திணிப்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், ஓட்டுக் கேட்டு வந்தவர், சம்பந்தி, யாரானாலும் சரி. “இதைக் கொஞ்சம் குத்திப் பாருங்க.”

குத்துவார்கள். மங்கலாக விழும்.

“அழுத்தம் பத்தல.”

அழுத்திக் குத்துவார்கள். மை பிதுங்கும். “இவ்வளவு வேகம் கூடாது சார், இது ரப்பர் இல்ல, பாலிமர். மெதுவா அழுத்துங்க!” மூன்றாவது முறை கோணலாக விழுந்தால், கட்டைவிரலை வைத்த இடம் தப்பு. நான்காவது சரியில்லை என்றால் பேடில் மை அதிகம்; ஐந்தாவதற்குப் பேப்பர் வழவழப்பு. அதற்கும் அடுத்து, அடியில் நியூஸ் பேப்பரை மடித்து வைக்காதது குற்றம். சிலிண்டர் தம்பி கீழே வண்டியை நிறுத்திவிட்டு வந்தவன், வியர்த்துப்போய் நிற்பான். தவறு அவன் கையில் இருக்கிறது, டேபிளில் இருக்கிறது, மழைக்கால ஈரத்தில்கூட இருக்கிறது. சீலில் மட்டும் இருந்ததே இல்லை.

உண்மையில் தவறு சீலில்தான். புள்ளிகள் உதிர்ந்துவிடுகின்றன. மெய்யெழுத்தின் தலைமேல் புள்ளி ஒட்டாமல் தனியாக நிற்கிறது. ஒளி போதிய நேரம் படாவிட்டால் அது அடிப்பகுதிவரை வேர்பிடிக்காது. கழுவும்போது டூத் பிரஷ் வாரிக்கொண்டு போய்விடும். சரியென்று நேரத்தைக் கூட்டினால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. முதலில் பின்பக்கம் கொஞ்ச நேரம் காட்டி அடித்தளத்தை இறுகவைத்து, அப்புறம் நெகட்டிவ் பக்கம் அதிக நேரம் காட்ட வேண்டும். அந்தக் கணக்குப் பிடிபடுவதற்குள் அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு இலவசமாக ஒரு சீல் செய்து கொடுத்துவிட்டார்: ‘குடியிருபபோர நலசசஙகம’.

அந்த சீல் குத்திய கடிதத்தை வங்கியில் திருப்பிவிட்டார்கள். செயலாளர் அதைச் சொல்ல மாடியேறி வந்தபோது இவர் அசரவே இல்லை. “ஓலைச்சுவடியில புள்ளி வெச்சாங்களா? அதைப் படிக்கலையா?” செயலாளருக்குப் பதில் தெரியவில்லை. சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை என்பது நிஜம்தானே. அன்றே பாரிமுனைக்கு ஆள் அனுப்பினார்கள்.

எழுத்து நேராகத் தெரிகிறதென்று பூரித்து, குத்திப் பார்த்த பிறகு இடவலம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்த கதையும் உண்டு. இரவல் வாங்கிய புத்தகத்தில் தன் பெயரைக் குத்தித் திருப்பித் தருகிற வழக்கமும் உண்டு. போகட்டும்.

ஒன்றிரண்டு நன்றாகவும் வந்துவிடும். பேத்தி வரைந்த பல்லி வால்நுனிவரை பிசகாமல் விழுந்தது. பல்லிக்குப் புள்ளி கிடையாது. அன்று மட்டும் யாரையும் திருத்தாமல், ஈரம் காயாத சீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் அவரைக் கோபிக்க மனசு வராது.

ஆனால் கோபிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இறுகாத பிசினை அவர் வெறுங்கையால் துடைக்கிறார். அதிலுள்ள அக்ரிலேட் ரசாயனங்கள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் அரிக்கும். பல் அடைக்கிற பொருளிலும் இதே குடும்பத்து ரசாயனம் உண்டு என்பதால் பல் மருத்துவரிடமும் அவஸ்தை வரலாம். ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை போட்டால் என்ன குறைந்துவிடும்? மிச்சப் பிசினையும் துடைத்த துணியையும் மொட்டைமாடி வெயிலில் வைத்தால் தானாக இறுகிவிடும், பிறகு குப்பையில் போடலாம். இவரோ சமையலறை சிங்க்கில், காபி டபரா துலக்குகிற நாரை எடுத்தே சீலைத் தேய்க்கிறார். கேட்டால், “தண்ணில கரையுற பொருள்தானே!” என்கிறார்.

போன வாரம் அவர் மனைவி பேச்சை நிறுத்திவிட்டு, கடைக்குப் போய் ஒரு நீல பக்கெட்டும் தனி நாரும் வாங்கிவந்தார். பக்கெட்டின் மேல் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதினார்: ‘சீல் பக்கெட். சமையலுக்கு அல்ல.’

அதற்கு அழகாக ஒரு சீலே செய்து தருகிறேன் என்று இவர் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டார் மனைவி. பேனாவில் எழுதியதில் எல்லாப் புள்ளியும் இருக்கிறதாம்.