ஐந்நூறு ரூவா பாக்கி

வாங்க மெம்பரய்யா, வாங்க! ஏன் நின்னுக்கிட்டே இருக்கீக? பெஞ்சு ஆடும், கவுராது. துண்டை விரிச்சு ஒக்காருங்க. அந்த வெள்ளை வேட்டியில கறை பட்டா வார்டுக்கே அவமானம்.

போன மாசம் வரைக்கும் ‘டேய்’ன்னு கூப்பிட்ட தங்கச்சி பேரனை இன்னிக்கு ‘நீங்க’ போட வேண்டியிருக்கு. என்ன செய்ய, செயிச்ச மனுசருக்கு மருவாதி குடுக்கணும்ல!

மந்தையில பிளெக்ஸு பார்த்தேன். வேப்பமரம் மறஞ்சுபோச்சு, ஒங்க பல்லு மட்டும் தெரியுது. ஒண்ணொண்ணா எண்ணினேன், முப்பத்திரண்டு இருக்கு. நம்ம வம்சத்துல யாருக்கும் அம்புட்டுப் பல்லு இருந்ததில்ல. போட்டோக்காரன் கைராசிக்காரன்.

தோட்டத்தை அடமானம் வச்சீகளாமே? கணக்குப் பாத்தீகளா? பத்து ஓட்டு வாங்குன காசுக்கு ஒரு கெடாக்குட்டி வாங்கியிருக்கலாம். அது வயலுக்குப் புழுக்கையாச்சும் போடும். ஓட்டுப் போட்டவன் போட்டதோட சரி. ஒங்களுக்கு நானும் ஒரு பாக்கி தரணும். டீயைக் குடிச்சிட்டுத் தாரேன்.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிறாதீக. தோத்திருந்தா இந்த டீக்கடைப் பக்கம் வந்திருப்பீகளா? திருப்பூருக்கு ராத்திரி பஸ்ஸுல்ல ஏறியிருப்பீக! காமராசரே 1967ல விருதுநகர்ல 1,285 ஓட்டுல தோத்தாரு. செயிச்சவரு பேரைச் சொல்லுங்க பாப்போம். என்ன, தலையச் சொறியிறீக? தோத்தவரு பேரு பச்சப்புள்ளைக்கும் தெரியுதே, அதெப்படி?

அவரை விடுங்க, அவரு தூரம். நம்ம மேலூருக்குப் பக்கத்துத் தும்பைப்பட்டிக்காரரு கக்கன். பத்து வருசம் மந்திரி. வைகை அணையை 1959ல தொறந்தப்ப பொதுப்பணி மந்திரி அவருதான். அம்புட்டுப் பெரிய அணையில ஒரு மூட்டைச் சிமிண்டுகூட வழி தவறி அவரு வீட்டுக்குப் போகல. ஒங்க வார்டுல சாக்கடைக்கு வந்த சிமிண்டு எங்கிட்டுப் போச்சுன்னு நான் கேக்கல. ஒங்க மாட்டுக்கொட்டகைத் தரை வழுவழுன்னு இருக்குன்னு கெழவி சொன்னா, அம்புட்டுதேன்.

அந்தக் கக்கனும் 1967ல தோத்தாரு. போலீசு மந்திரியா சல்யூட்டு வாங்குன மனுசன் கூட்டத்தோட கூட்டமா பஸ்ஸுக்கு நின்னாரு. முடியாமப் போனப்ப மதுரைப் பெரியாஸ்பத்திரியில சாதாரண வார்டுலதான் கெடந்தாரு. மதுரைக்கு மேயரா இருந்த முத்துவை அதே ஆஸ்பத்திரியில பாக்க வந்த எம்.ஜி.ஆர். தகவல் தெரிஞ்சு ஓடிப்போய்ப் பார்த்து, வைத்தியத்துக்கும் பென்சனுக்கும் ஏற்பாடு செஞ்சாரு. வேற கட்சிக்காரரு, முதலமைச்சரு! சொந்தக்கட்சிக்காரன் ஒங்களைப் பாக்க ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வருவானாங்கிறதே சந்தேகம்.

‘பொழைக்கத் தெரியாத மனுசன்’னு மொணங்குறது காதுல விழுகுது. ஆமாய்யா, தெரியாதுதான். 1981ல கண்ணை மூடிட்டாரு. இன்னமும் அவரு பேரைச் சொன்னா எந்தக் கட்சிக்காரனும் ஒரு நிமிசம் வாயை மூடுறான். ஒங்க பிளெக்ஸு ஆடிக்காத்துல கிழிஞ்சா எங்க ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை. இப்பவே சொல்லி வச்சுட்டேன், வேற யாருக்கும் குடுத்துறாதீக.

ஒன்னையப் பட்டினி கெடக்கச் சொல்லல அப்பு. சம்பாரி. அடுத்த வாட்டி தலைவருக்கே நில்லு. பதவி போன மறுநா இதே கடைக்கு நீ வர்றப்ப, நாலு பேரு நகந்து, ‘வாப்பா, ஒக்காரு’ன்னு எடம் விடணும். அந்த ஒரு சாண் எடத்தை எந்தப் பத்திர ஆபீசுலயும் எழுதி வாங்க முடியாது.

இந்தா, பாக்கி. நீ குடுத்தனுப்புன ஐந்நூறு. கெழவி வாங்கி முந்தியில முடிஞ்சு வச்சிருந்தா, நேத்துதான் கண்ணுல பட்டுச்சு. வாங்கிக்க. ஓட்டு ஒனக்குத்தான் போட்டேன், தங்கச்சி பேரனாச்சேன்னு. நீ வாங்குனதுல காசில்லாம விழுந்த ஓட்டு அது ஒண்ணுதான். பத்திரமா வச்சுக்க.

எந்திரிச்சிட்டியா? டீக்காசைக் குடுத்துட்டுப் போடா.