ஹாலில் ஒரு மலாவி ஏரி

லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சொன்னதில் பாதிதான் உண்மை. நான் வேலையை விட்டுவிட்டு மீன் வியாபாரத்தில் இறங்கவில்லை. மீன் வாங்குகிறேன், குழம்பு வைப்பதில்லை, அவ்வளவுதான். "திங்காத மீனுக்கு எதுக்கு இவ்வளவு காசு?" என்று நீ கேட்டாயாம். அதற்குத்தான் இந்தக் கடிதம். அத்தானுக்கும் வாசித்துக் காட்டு. தூண்டில் போடுகிறவர், அவருக்குப் புரியும்.

எல்லாம் இந்த ஊர்த் தண்ணீரால் வந்தது. சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருகிற தண்ணீர். கெட்டிலில் ஒரு வாரம் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளை வெள்ளையாகச் செதில் கட்டிக்கொள்ளும். தலைமுடி கொட்டுவதற்கும் என் வீட்டுக்காரி அதைத்தான் வைவாள். (என் முடி ஊரிலேயே கொட்ட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பழியை மட்டும் தண்ணீர் மேல் போட முடியாது.) எதிர் வீட்டில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவரிடம் போய் இந்தத் தண்ணீரைப் பற்றி அலுத்துக்கொண்டேன். மனுஷன் முகம் அப்படி மலர்ந்தது! "மலாவி ஏரி மீனுக்கு இதைவிட என்ன வேணும்?" என்று கையோடு தோட்டத்துக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டி. மஞ்சளும் ஊதாவும் நீலமுமாக உள்ளே ஓடியதைக் கடல் மீன் என்றே நினைத்தேன். இல்லையாம். ஏரி மீன். பெயர் சிக்லிட்.

ஆப்பிரிக்காவில் மலாவி, தாங்கன்யிகா, விக்டோரியா என்று மூன்று பெரிய ஏரிகள். மூன்றிலும் இந்த மீன்களின் ராஜ்யம்தான். மலாவி ஏரி மட்டுமே ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளம். சென்னையில் கிளம்பினால் மதுரையைத் தாண்டித்தான் கரை வரும். அதற்குள் பல நூறு வகை சிக்லிட், பெரும்பாலானவை உலகத்தில் வேறெங்குமே கிடையாது. பாறை இடுக்கில் வாழ்கிறவற்றுக்கு ம்புனா என்று பெயர். ஒரு பாறைக் கூட்டத்தில் நீலமாக இருக்கிற மீன், நடுவே கொஞ்சம் மணல் கிடந்து அடுத்த பாறைக் கூட்டம் வந்தால் வேறு நிறத்தில் இருக்கும். பக்கத்துத் தெருவில் சம்பந்தம் செய்வதில்லை என்ற கொள்கை அங்கேயும் உண்டு போலிருக்கிறது.

தாத்தா ஒரு நாலடித் தொட்டியை என் தலையில் கட்டினார். தண்ணீரே 240 கிலோ, கல்லும் மணலும் தனிக் கணக்கு. நிரப்பினோம். உடனே மீன் விடலாம் என்றால் கூடாதாம். மீன் கழிவில் வரும் அம்மோனியா விஷம். அதைத் தின்று முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேற வேண்டும். அதற்கு ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, பச்சையா மஞ்சளா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் வெறும் தொட்டிக்கு முன்னால் நின்று, "மீன் ஒளிஞ்சிருக்கா?" என்று குனிந்து தேடினார்கள். இவள் அவர்களுக்குக் காப்பி கொடுத்தபடியே, "இவர் தண்ணி வளர்க்கிறார்" என்றாள்.

பிறகு மீன் வந்தது. அன்றோடு வீட்டில் அமைதி போயிற்று. ஒவ்வொரு ஆணும் ஒரு கல்லைப் பட்டா போட்டுக்கொண்டது. எல்லைக்குள் எவனாவது வந்தால் துரத்தல், அதற்கும் அடங்காவிட்டால் வாயோடு வாய் கவ்வி இழுப்பு. ஔராட்டஸ் என்று கறுப்பாக ஒருவன் இருக்கிறான், அவன்தான் பேட்டை ரவுடி. தாத்தாவிடம் முறையிட்டேன். "இன்னும் நிறைய மீன் விடு" என்றார்! கூட்டம் குறைவாக இருந்தால் ரவுடி ஒருத்தனையே குறி வைத்து அடித்துக் கொல்வானாம். கூட்டம் நெரிந்தால் யாரை அடிப்பது என்று அவனுக்கே குழம்பிவிடுமாம். காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில் சண்டைக்குக் கை ஓங்க இடமிருக்காதே, அந்தத் தத்துவம்தான். கடன் வாங்கிக் கூட்டம் சேர்த்தேன்.

எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட சைவம் இந்த ம்புனாக்கள்தான். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வளர்ந்த குடல். மாமிசம் அதிகமானால் வயிறு உப்பிச் செத்துப்போகும். அதனால் ஸ்பைருலினா, வெந்நீரில் போட்டெடுத்த கீரை, தோலுரித்த பச்சைப் பட்டாணி. அடுத்தவள் பெற்ற குஞ்சு எதிரே வந்தால் மட்டும் விரதம் கலையும். அப்புறம், தொட்டித் தண்ணீர் வருஷம் முழுக்க 25 டிகிரி. எங்களுக்கோ கரண்டுக்கும் கேஸுக்கும் பயந்து 18. சின்னவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தொட்டிக் கண்ணாடியில் முதுகைச் சாய்த்துத்தான் வீட்டுப் பாடம் எழுதுகிறான்.

ஆனால் அக்கா, ஒன்று நீ பார்க்க வேண்டும். மஞ்சள் மீன் ஒருத்தி திடீரென்று சாப்பிட மறுத்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் தாடை இறங்கி, தொண்டை புடைத்திருக்கிறது. எதையோ மெல்லுகிற மாதிரி வாய் அசைகிறது, விழுங்கவில்லை. முட்டையெல்லாம் வாய்க்குள்! உருட்டி உருட்டிக் காற்றோட்டம் கொடுக்கிறாள். தீனி தூவினால் ஓடி வருவாள், மூக்குக்கு நேரே மிதப்பதைப் பார்ப்பாள், திரும்பிப் போய்விடுவாள். மூன்று வாரம் இப்படி. கடைசியில் கல்லுக்குப் பின்னால் வாயைத் திறந்தாள்; கண்ணும் வாலுமாக, விரல் நகத்தைவிடச் சின்னதாகக் குஞ்சுகள் வெளியே வந்தன. அப்பன்காரன் அந்த நேரத்தில் பக்கத்துக் கல்லில் வேறொருத்திக்கு முன்னால் உடம்பை உதறி ஆடிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன செய்தேன்?

அத்தானிடம் சொல், நம் குளத்து ஜிலேபியும் இந்தக் குடும்பம்தான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மொசாம்பிக் திலாப்பியா. அதுவும் வாயில்தான் அடைகாக்கும். தூண்டிலில் மாட்டிய ஜிலேபி வாயிலிருந்து குஞ்சு கொட்டினால் திரும்பக் குளத்திலேயே விடச் சொல். விடமாட்டார், தெரியும். சொல்லியாவது வை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். தாங்கன்யிகா ஏரியில் சுண்டு விரலை விடச் சின்ன சிக்லிட் ஒன்று உண்டு. காலி நத்தை ஓடுதான் அதற்கு வீடு, பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம். அடுத்த மாதம் சித்தப்பா வருகிறாரே, அவரிடம் நம் வயல் நத்தை ஓடு ஒரு முப்பது கொடுத்துவிடு. ஓட்டை இல்லாததாகப் பொறுக்கி, நன்றாக வேகவைத்து, காயவைத்து அனுப்பு. வாசனை வந்தால் சித்தப்பா ஏர்போர்ட்டிலேயே போட்டுவிட்டு வந்துவிடுவார். கருவாட்டுப் பொட்டலத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை. இவள் போன் பண்ணி ஓடு எதற்கு என்று கேட்டால், சின்னவன் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று சொல். இரண்டாவது தொட்டி வருகிற சங்கதி இவளுக்கு இன்னும் தெரியாது.

உன் அன்புத் தம்பி